கேட்காமலே வரும் கடன்

"வாழ்த்துகள்! உங்களுக்கு 2,35,000 ரூபாய் கடன் தயாராக உள்ளது." இப்படி ஒரு செய்தி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். கரண்ட் பில் கட்டினால் வருகிறது. கேஸ் புக் பண்ணினால் வருகிறது. ரீசார்ஜ் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே வருகிறது. சொந்த மாமாவிடம் அவசரத்துக்கு ஐயாயிரம் கேட்டால் "பாக்கலாம் மாப்ளே" என்று இழுப்பார். முன்பின் தெரியாத ஆப் ஒன்று இரண்டு லட்சத்தைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பவன் நான். வாராவாரம் யார் கைக்கு எவ்வளவு போகிறது என்பது எனக்குத் தெரியும். அது எங்கே போகிறது என்பதும் அரசல்புரசலாகத் தெரியும். அட்வான்ஸ் கேட்டு வரும்போது சொல்லும் காரணங்கள் போதும். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிச் செலவு, ஸ்கூல் ஃபீஸ், ஊரில் நோம்பி என்பார்கள். இப்போது பாதிப் பேர் வாயில் வருவது, "ஈஎம்ஐ தேதி வந்துருச்சுங்க."

நான் பார்த்த வரையில் விஷயம் இதுதான். நம் ஆட்களின் சேமிப்பு எப்போதுமே, காசை நம் கைக்கே எட்டாத இடத்தில் வைக்கிற வித்தையாக இருந்தது. கடன் என்பது ஒருவர் முன்னால் போய் நின்று, தலையைச் சொறிந்து, காரணம் சொல்லிக் கேட்க வேண்டிய சங்கடமாக இருந்தது. போன் வந்து இரண்டையும் தலைகீழாக்கிவிட்டது. சேமிப்பு விரல் நுனிக்கு வந்துவிட்டது. கடன் கேட்கிற சங்கடம் காணாமல் போய்விட்டது. வசதிதானே என்று தோன்றும். ஆனால் நம்மைக் காப்பாற்றி வந்ததே அந்த எட்டாமையும் அந்தச் சங்கடமும்தான்.

ஒளித்து வைத்த காசு

அரிசி டிரம், பருப்பு டப்பா, பீரோவில் கல்யாணப் புடவையின் மடிப்பு. நம் அம்மாக்களின் சிறுவாடு இருந்த இடங்கள் இவை. வட்டி ஒரு பைசா கிடையாது. இருந்தும் எந்த வங்கியாலும் தர முடியாத ஒரு பாதுகாப்பு அதற்கு இருந்தது: வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. குடிக்கிற கணவன், கைமாற்றுக் கேட்கிற கொழுந்தன், பைக் கேட்டு அடம்பிடிக்கும் மகன் என்று யார் கண்ணிலும் படாமல் இருந்ததால்தான் அது சேர்ந்தது.

சீட்டு இன்னொரு வகை. இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரக்காரர் ஏலத்தில் தள்ளி முன்னாடியே எடுப்பார், அவருக்கு அது கடன். பொறுமைக்காரர் கடைசிவரை இருப்பார், அவருக்கு அது சேமிப்பு. இரண்டு பேரையும் மாதாமாதம் கட்ட வைத்தது எது? மீதிப் பத்தொன்பது பேரும் ஒரே தெருக்காரர்கள் என்பதுதான். ஒரு மாதம் தவறினால் தண்ணீர்க் குழாயடியில் முகம் காட்ட முடியாது.

நகை இதிலெல்லாம் கெட்டி. மகள் கழுத்தில் கிடக்கும் செயினை விற்பதென்றால் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தாக வேண்டும். தபால் ஆபீஸ் ஆர்டி என்றால் அதற்கு ஒரு முகவர் அக்கா இருப்பார், ஒண்ணாம் தேதி தாண்டினால் வாசலில் வந்து நிற்பார். எல்லாவற்றிலும் காசுக்கும் கைக்கும் நடுவே யாரோ ஒருவர் இருந்தார், இல்லையென்றால் ஏதோ ஒரு தடுப்பு இருந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டுப் பணத்தோடு ராத்திரியோடு ராத்திரியாக ஓடியவர்கள் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. பதிவு பண்ணித்தான் சீட்டு நடத்த வேண்டும் என்று 1982ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தெருச் சீட்டு எதற்கும் அது தெரியாது. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகும் 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து மனு கொடுத்து அலுத்துப்போன ஒரு குடும்பம் அங்கேயே தீக்குளித்தது. பழையதில் முகம் இருந்தது என்றால், அந்த முகம் எப்போதும் நல்ல முகமாக இருந்தது என்று அர்த்தமில்லை.

ஆனால் சிறுவாட்டுக்கு முடிவு வந்தது வட்டிக்காரராலும் இல்லை, ஆப்பாலும் இல்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். மறுநாளே டப்பாக்களில் இருந்தது எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் வீட்டு ஆம்பளையிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். எத்தனையோ பெண்களின் ஒரே ரகசியக் கையிருப்பு அந்த ஒரு வாரத்தில் அம்பலமானது. அதே வருடம் ஏப்ரலில்தான் யூபிஐ அறிமுகமாகியிருந்தது. டப்பா காலியான நேரமும் போன் கைக்கு வந்த நேரமும் ஏறக்குறைய ஒன்று.

சனிக்கிழமை சாயங்காலம்

எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் சம்பளம். முன்பு கவரில் போட்டு, மேலே பெயரும் தொகையும் எழுதிக் கொடுப்போம். வாங்கியவர்கள் அங்கேயே திரும்பி நின்று எண்ணுவார்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பாக்கி, தண்டல்காரர், பூக்காரம்மா என்று ஒரு கூட்டமே காத்திருக்கும். மிச்சம் வீட்டுக்குப் போய் வாடகைக்கு இது, சீட்டுக்கு இது, ஊருக்கு அனுப்ப இது என்று பிரியும். தனித்தனி நோட்டு, தனித்தனி இடம். வாடகைக் காசில் கை வைப்பதென்றால் அந்த இடத்துக்குப் போய் எடுக்க வேண்டும். எடுக்கும்போது கை கொஞ்சமாவது கூசும்.

இப்போது கணக்கில் ஏறிவிடுகிறது. வாடகையும் டீயும் மகனின் கேம் ரீசார்ஜும் ஒரே எண்ணுக்குள் கிடக்கின்றன. எங்கள் ஓவர்லாக் டைலர் ஒருவர், "சார், காசு எங்க போகுதுன்னே தெரியல" என்று ஒரு திங்கட்கிழமை வந்து நின்றார். போனை வாங்கி இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். 15, 20, 10, 35, 20, 149, 60, 10, 299. வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றுகூடத் தப்புச் செலவு இல்லை. டீ, வடை, பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஜூஸ், மகளுக்கு ஸ்டிக்கர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் 2,000 ரூபாய்க்கு மேல் கரைந்திருந்தது. "நோட்டா இருந்தா ஐந்நூறை மாத்த மனசே வராதுங்க சார்" என்றார். அவ்வளவுதான் விஷயம். முழு நோட்டைச் சில்லறையாக்கும்போது வரும் அந்தத் தயக்கம் கியூஆர் கோடு முன்னால் வருவதே இல்லை.

இதை ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் எம்ஐடியைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிர்வாகப் படிப்பு மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். பாதிப் பேர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், மீதிப் பேர் கிரெடிட் கார்டில் கட்டலாம். கார்டுக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக ஏறத்தாழ இரண்டு மடங்கு. கணக்கு படித்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி. நமக்கோ ஒரு நாளில் பத்து முறை அந்த ஏலம் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நாடு முழுக்க யூபிஐ பரிவர்த்தனை 2,000 கோடியைத் தாண்டியது.

முகமில்லாத வட்டிக்காரர்

செலவு இப்படிக் கரைந்தால் புதன்கிழமைக்குள் கை வறண்டுவிடும். முன்பு அந்த இடத்தில் மளிகைக்கடைப் பற்று நோட்டு இருந்தது. பாக்கி ஏறிவிட்டால் அண்ணாச்சி அரிசியை நிறுத்துக்கொண்டே, "போன மாசத்துது கொஞ்சம் பாருங்க" என்பார். அத்தோடு அடுத்த வாரம் கை அடங்கும். இப்போது அந்த இடத்துக்கு ஆப் வந்துவிட்டது. ஆதார் எண், பான் எண், ஒரு செல்ஃபி போதும். ஐந்து நிமிடத்தில் பணம். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

கடனுக்கு உண்டான வெட்கம் ஒழிந்துவிட்டது என்று நினைத்தால், அது ஒழியவில்லை. வாங்கும் முன் பட வேண்டிய வெட்கத்தை வாங்கிய பின்னால் படுகிறோம். திருட்டு ஆப்களின் தொழிலே இதுதான். உள்ளே நுழையும்போதே போனில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். தவணை ஒரு நாள் தவறட்டும். மச்சினன், மேனேஜர், பிள்ளையின் டீச்சர் என்று எல்லாருக்கும் செய்தி பறக்கும். படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பியதும் நடந்திருக்கிறது. 2020 கொரோனா முடக்கத்தில் வேலை போனவர்கள் கொத்துக்கொத்தாக இதில் விழுந்தார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. அதன் பிறகு 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு குழு போட்டது. அந்தக் குழு கண்டுபிடித்த கடன் ஆப்கள் சுமார் 1,100. அவற்றில் சட்டவிரோதமானவை மட்டும் 600.

இவர்கள் வட்டியை நம் பாஷையில் போட்டுப் பார்ப்போம். 5,000 ரூபாய்க் கடன் என்று சொல்லிவிட்டு, கட்டணம் அது இது என்று பிடித்துக்கொண்டு 3,500 தருவார்கள். ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். அதாவது நூறு ரூபாய்க்கு வாரத்துக்கு 43 ரூபாய். மாதக் கணக்கில் 180 ரூபாய்க்கு மேல். நம் தண்டல்காரர் 10,000 என்று எழுதி 9,000 கொடுத்து, நூறு நாள் நூறு நூறாக வாங்குவார். அதைக் கணக்குப் போட்டால் நூறுக்கு மாதம் ஆறரை ரூபாய் சொச்சம் வரும். ஊரே சபிக்கும் தண்டல்காரரைவிட ஆப் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வாங்குகிறது. அதுவும் வாழ்த்துச் சொல்லிவிட்டு.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது. பணம் நேராக வாங்குபவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். கட்டணம் எல்லாம் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று ஒரே தாளில் காட்ட வேண்டும். தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது. டிஜிட்டல் கடன் தளங்களும் அதற்குள் வருகின்றன. திருட்டு ஆப்களின் கொட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் கேட்டு என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் சிக்கியிருப்பது சட்டப்படி நடக்கும் கடன்களில். போனுக்கு ஒரு ஈஎம்ஐ, டிவிக்கு ஒன்று, போன தீபாவளிக்கு வாங்கிய பெர்சனல் லோனுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னது. எல்லாம் ஐந்தாம் தேதி ஒன்றாக வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. கணக்கில் காசு இல்லையென்றால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்த கம்பெனி ஒரு அபராதம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன்

பழைய பஸ் நிலையத்துப் பக்கம் பூ விற்கும் ஒரு அக்காவிடம் வாடிக்கையாக வாங்குவோம். வண்டியில் ஸ்பீக்கர் பெட்டி உண்டு. "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தும்போதெல்லாம் சிரிப்பார். "தண்டல்காரனுக்கும் கேக்குது கண்ணு. யாவாரம் இல்லீங்கன்னு அவங்கிட்ட பொய் சொல்ல முடியறதில்ல." ஆனால் அந்தப் பெட்டியால் அவருக்கு வந்த லாபமும் பெரிது. 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த சாலையோர வியாபாரிகள் கடன் திட்டத்தில் முதலில் 10,000 வாங்கினார். ஒழுங்காகக் கட்டினார், அடுத்து 20,000 கிடைத்தது. அடகு வைக்க ஒரு குண்டுமணி கிடையாது, ஜாமீனுக்கு ஆள் கிடையாது. இன்றைக்கு அவர் வங்கிக்குப் போனால், தினமும் முப்பதும் ஐம்பதுமாக ஏறிய வியாபாரம் கணக்குப் புத்தகத்தில் வரிவரியாக இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் அவர் மானேஜர் அறை வாசலைக்கூடத் தாண்டியிருக்க முடியாது.

மகளிர் உரிமைத் தொகையும் அப்படித்தான். 2023 செப்டம்பர் 15லிருந்து மாதம் 1,000 ரூபாய் பெண்களின் சொந்தக் கணக்குக்கு நேராகப் போகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள். நடுவே கை நீட்ட ஆள் இல்லை. ஒரே குறை, வங்கிக் கணக்கில் கொடுத்திருக்கும் போன் நம்பர் கணவனுடையதாக இருந்தால் பணம் வந்த செய்தி முதலில் அவருக்குத்தான் போகும். எங்கள் செக்கிங் பிரிவில் ஒரு பெண் முதல் வேலையாக அந்த நம்பரை மாற்றினார். டப்பாவில் இருந்த அந்தரங்கத்தைக் கணக்குக்குக் கொண்டுவரும் வழி அது ஒன்றுதான்.

தங்க விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் போனிலேயே தங்கம் வாங்கலாம் என்கிறார்கள். சேர்க்க எளிது, சரி. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் பஞ்சாயத்து ஏதும் இல்லாமல் விற்கவும் எளிது. போதாததற்கு, ஆன்லைன் தளங்கள் விற்கும் டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வராது, ஜாக்கிரதை என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்தது.

பன்னிரண்டால் வகுங்கள்

யார் என்னிடம் கடன் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்லித் தருவது ஒரே ஒரு கணக்கு. நம் ஊரில் வட்டியை யாரும் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவதில்லை. ரெண்டு வட்டி, மூணு வட்டி என்போம். நூறுக்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். அஞ்சு வட்டி என்றால் கிழவிகள் கன்னத்தில் கை வைப்பார்கள். ஆனால் அதே ஆட்கள் 36 சதவீதம் என்று போட்டிருந்தால் சும்மா தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணுக்கு இங்கே முகம் இல்லை. ஆகவே ஆப் காட்டும் வருட வட்டியை, கட்டணம் எல்லாம் சேர்ந்த அந்த எண்ணை, பன்னிரண்டால் வகுங்கள். 24 என்றால் ரெண்டு வட்டி. 36 என்றால் மூணு வட்டி. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தைத் தள்ளிப்போட்டால் பல கார்டுகளில் மூன்றரை வட்டி. வங்கி நகைக்கடன் முக்கால் வட்டிக்குப் பக்கத்தில் வரும். இப்போது சொல்லுங்கள், டிவி வாங்க மூணு வட்டிக்குக் கடன் வாங்குவீர்களா?

"வருடத்துக்கு 12 சதவீதம்தான்" என்று வாயால் சொல்பவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: முழு அசலுக்குமா, குறையும் அசலுக்கா? ஒரு லட்சம் வாங்கி, 12,000 வட்டி சேர்த்து, பன்னிரண்டு மாதத்தில் 9,333 வீதம் கட்டினால் உண்மை வட்டி 21 சதவீதத்துக்கு மேல். மாதாமாதம் அசல் குறைகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கே ஓடுகிறது.

சேமிப்புக்கு நான் சொல்வது, பழைய எட்டாமையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். யூபிஐ இணைக்காத இரண்டாவது வங்கிக் கணக்கு ஒன்று வையுங்கள். சம்பளம் ஏறிய மறுநாளே ஒரு தொகை தானாக அங்கே போகும்படி ஆர்டியோ எஸ்ஐபியோ போட்டுவிடுங்கள். ஈஎம்ஐக்காரர் உங்கள் கணக்கில் முதல் ஆளாகக் கை வைக்க எந்த வசதியைப் பயன்படுத்துகிறாரோ, அதே வசதிதான் இது. அவருக்கு முன்னால் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கடன் ஆப் என்றால் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் போட்டிருக்கும் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய கடன் வேண்டாம் என்று தோன்றினால், அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியேறக் குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும் என்பது இப்போது விதி. சிபில் முதலான நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பார்த்தால் மறந்துபோன எட்டாயிரம் ரூபாய்ப் போன் கடன்கூட அதில் பல்லை இளிக்கும். மிரட்டல் வந்தால் பணத்தைக் கட்டி வாயை அடைக்கப் பார்க்காதீர்கள், சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. கடன் வேண்டுபவர் எல்லார் முன்னிலையிலும் எழுந்து எதற்கு என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆப்பில் வாங்கும் முன் நீங்களும் அதைச் செய்யுங்கள். மனைவியிடமோ அண்ணனிடமோ, "இவ்வளவு வாங்கப் போறேன், இதுக்காக" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல நாக்கு எழவில்லை என்றால் அந்தக் கடன் வேண்டாம். சொல்லிவிட்டு வாங்கினால் இன்னொரு லாபமும் உண்டு: வீட்டுக்குத் தெரிந்த கடனைக் காட்டி எவனும் உங்களை மிரட்ட முடியாது.